வரிசையில் கடைசி ஆள்

ஆற்றுவளைவு முகாம்,
ஜூன் 12, 1996

அலினாபேயின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது, அதனால் கேட்கவில்லை. இது வேலை விஷயமாக எழுதுகிற கடிதம். லாரிக்கார சகாலாவிடம் கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை உன் சுகாதார நிலைய வாசலில் தருவான்.

எங்கள் மருந்துப் பெட்டியில் இருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களுக்குள் மழைக்காலத்தில் எறும்பு புகுந்துவிட்டது. வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளுக்கு நீ கலந்து கொடுப்பாயே, அதன் அளவு வேண்டும். சர்க்கரையும் உப்பும் என் டீப் பெட்டியிலேயே இருக்கின்றன. அளவைத்தான் மறந்துவிட்டேன். இருபது முறை நீ கலந்ததைப் பார்த்திருக்கிறேன். உன் கையைப் பார்த்தேனே தவிர கரண்டியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்த வாரம் காட்டை நடந்து பார்க்க ஆறு விருந்தினர். அதில் இரண்டு அம்மாக்கள் தண்ணீரே குடிப்பதில்லை. நடுக்காட்டில் ஒதுங்க வேண்டி வந்துவிடுமோ என்று வெட்கம். நேற்று ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வெயில் கூட இல்லை, காலை ஒன்பது மணி. வழிகாட்டி லெவி ஐயாவிடம் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றே சொன்னார். நான் டீ ஊற்றும்போதுதான் உண்மை வந்தது. எப்போதும் அப்படித்தான். முன்னால் துப்பாக்கிக்காரர், அடுத்து லெவி ஐயா, பிறகு விருந்தினர், கடைசியில் டீ சுமந்துகொண்டு நான். முன்னால் போகிறவர்களிடம் எல்லோரும் திடமாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறார்கள். கால் கொப்புளம், வயிறு, மூச்சு எல்லாம் கடைசியில் வருகிறவனிடம்தான் வந்து சேருகின்றன.

கிளம்பும்போது தினமும் லெவி ஐயா சொல்லும் பாடம் எனக்கு மனப்பாடம். தொப்பி போடுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். மலேரியா மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். செருப்பு, ஷூ எதுவானாலும் உதறிவிட்டுக் காலை நுழையுங்கள். நீலமும் கறுப்பும் வேண்டாம், செட்ஸி ஈ அந்த நிறத்தைத் தேடித்தான் வரும்.

விடியற்காலையில் பல் தந்தியடிக்கிற ஜூன் குளிர். நீ பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டைதான் காப்பாற்றுகிறது.

முதல் தேதி லாரி உன் நிலையத்தைத் தாண்டும்போது, நீ ரத்தம் பார்க்கிற அறையைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. சரி, நோயாளிகள் இருந்திருப்பார்கள்.

குழந்தைக்கு என் முத்தம்.

யோத்தாமு


சுகாதார நிலையம்,
ஜூன் 20, 1996

திரு. யோத்தாமு அவர்களுக்கு,

தாங்கள் கேட்ட அளவு: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். தலைதட்டிய டீக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. கலந்ததும் நீங்கள் முதலில் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கண்ணீர் எவ்வளவு கரிக்கும் என்பது மறந்திருந்தால் மார்ச் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களைக் கேட்டுக்கொள்ளவும்.

தண்ணீர் குடிக்காத பெண்ணிடம் "குடியுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. எங்கே ஒதுங்கலாம் என்பதை அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். டீக்கு உட்காரும் இடத்தில் துப்பாக்கிக்காரரை அனுப்பி ஒரு புதரைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் பெண்களுக்கு, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கிற அதே குரலில். பிறகு அவளே குடிப்பாள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான அளவு குடிக்கிறாள் என்று அர்த்தம். டீ நிறத்தில் இருந்தால் நடக்க விடாதீர்கள்.

கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

கதவு சாத்தியிருந்ததற்கு நோயாளிகள் காரணமில்லை. நான்தான் சாத்தினேன். என் தம்பி லாஸரோ சோளக்கொல்லையில் காவல் இருந்தபோது அவனை யானை மிதித்து மூன்று மாதம் ஆகவில்லை. அவன் மேட்டில் இப்போதுதான் புல் பிடித்திருக்கிறது. அதற்குள் நீங்கள் ஊரான்களைக் கூட்டிக்கொண்டு யானை காட்டப் போகிறீர்கள். அதுவும் டீ ஊற்றி.

இது சுகாதார நிலைய ஊழியர் எழுதிய கடிதம். அலினாபேயின் அம்மா எழுதியது அல்ல.

மாயிலேசி


ஆற்றுவளைவு முகாம்,
ஜூலை 4, 1996

சுகாதார நிலைய ஊழியர் அவர்களுக்கு,

அலினாபேயின் அம்மாவிடம் இதைச் சேர்த்துவிடவும்.

உன் புதர் யோசனை பலித்தது. பென்ரோஸ் அம்மா என்று ஒருவர் வந்திருக்கிறார். எழுபத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். முழங்கால் ஒன்று மடங்காது. கணவரோடு வருவதாக இருந்ததாம், அவர் போன வருஷம் தவறிவிட்டார். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் தனியாக வந்துவிட்டார். நீ சொன்னபடியே சர்க்கரை கேட்கிற குரலில் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு, "இத்தனை ஊர் சுத்தியிருக்கேன், இதை யாருமே எங்கிட்ட சொன்னதில்லப்பா" என்று சிரித்தார். அன்றிலிருந்து ஒட்டகம் மாதிரி குடிக்கிறார்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா கூடாதா என்று மூன்று நாளாக யோசித்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, மாயிலேசி.

திங்கட்கிழமை ஆற்றங்கரையில், பெரிய கரையான் புற்றின் நிழலில் டீ போட்டேன். கோப்பைகளை நிரப்பி முடிக்கவில்லை, லெவி ஐயா கையைத் தூக்கினார். உட்கார், அசையாதே என்று அர்த்தம். காட்டிலிருந்து யானைகள் ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. நாற்பதாவது இருக்கும். எங்களுக்கு முன்னாலும் யானை, பின்னாலும் யானை. புற்றில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம். நிழல் நகர்ந்துபோய் வெயில் எங்கள் மேல் ஏறியது.

பென்ரோஸ் அம்மாவின் முகம் வெளுத்து, உதடு ஆட ஆரம்பித்தது. நான் சத்தமில்லாமல் உன் தண்ணீரைக் கலந்தேன். ஆறு, அரை. ருசி பார்த்தேன். கோப்பையை நீட்டும் நேரத்தில் ஒரு கிழட்டுப் பெண் யானை கூட்டத்தை விட்டு எங்கள் பக்கம் வந்தது. நம் வீட்டு வாசலுக்கும் கோழிக்கூண்டுக்கும் உள்ள தூரம்தான். துதிக்கையை நீட்டி, டீப் பெட்டியின் மேல் ஊதிப் பார்த்தது. சர்க்கரை வாசம். அதன் மூச்சு என் கையில் பட்டது, சூடாக, புல் நாற்றத்தோடு.

என் கோப்பையில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. என் கை நடுங்கவில்லை, சத்தியமாக. காதுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்செலும்பில் ஏதோ உறுமியது. அவை தங்களுக்குள் பேசிக்கொள்வது அப்படித்தானாம், லெவி ஐயா பிறகு சொன்னார். நாம் இத்தனை நாள் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் வாழ்ந்திருக்கிறோம், ஒரு சொல் கூடக் காதில் விழாமல். பென்ரோஸ் அம்மா கண்ணை அதன் மேலிருந்து எடுக்காமலே கோப்பையை வாங்கி முழுவதும் குடித்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. யானை திரும்பிப் போய்விட்டது.

அப்போது லாஸரோவை நினைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

இன்னொன்று, இதைப் படித்தால் உனக்குச் சிரிப்பு வரும். இந்த வருஷம் எங்கள் முகாம் விருந்தினரை ஈ கடிப்பதே இல்லை என்று மற்ற முகாம்காரர்கள் பொறாமைப்படுகிறார்கள். ரகசியம் உன் கம்பளிச் சட்டைதான். அந்த நீலம். நான் கடைசியில் நடக்கிறேன் அல்லவா, காட்டு ஈயெல்லாம் விருந்தினரை விட்டுவிட்டு என் முதுகுக்கு வந்துவிடுகிறது. குளிர் விட்ட பிறகும் கழற்றுவதில்லை. லெவி ஐயாவே, "உன்னைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனா போதும்யா, மருந்தே வேணாம்" என்கிறார். நமக்கென்ன, பிறந்ததிலிருந்து கடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

யோத்தாமு


சுகாதார நிலையம்,
ஜூலை 11, 1996

திரு. யோத்தாமு அவர்களுக்கு,

உங்களுக்குக் கோபம் வரவில்லை. நல்லது. எனக்கு வந்திருப்பதே இரண்டு பேருக்குப் போதும்.

அவனைக் கழுவியது நான். நீங்கள் பார்க்கவில்லை, ஆண்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்த உறுமல் அவன் நெஞ்செலும்பிலும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இனி யானையைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

கம்பளிச் சட்டை விஷயத்துக்கு வருகிறேன். அதை நான் இருபத்தேழு நாள் பின்னினேன். ஈக்குத் தீனி வைக்கப் பின்னவில்லை. இதைப் படித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

"நமக்கென்ன" என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருஷத்தில் பல்லாயிரம் பேரின் ரத்தத்தைப் பார்த்துவிட்டேன். காய்ச்சல் என்று வந்தால் மலேரியா, நம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அதுதான் தெரியும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்பு மேல் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு தேன் எடுக்கிறவரைத் தூக்கி வந்தார்கள். மலேரியா மாத்திரை இரண்டு முறை தின்றும் காய்ச்சல் விடவில்லை. களியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறார் என்று மனைவி சொன்னாள். விரலில் குத்தி, ரத்தம் காயும் முன்பே கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன்.

சிவப்பணுக்கள் நடுவே ஒரு இடத்தில் மட்டும் கூட்டம் தள்ளாடியது, சந்தையில் யாரோ முண்டியடித்துப் போவது போல. பிறகு அது தெரிந்தது. மெல்லிய நாடா, ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தது மாதிரி. நெளிந்து நெளிந்து, அவசரமே இல்லாமல், வழியில் இருப்பதையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு போனது. அது செட்ஸி ஈ கொண்டுவந்து விடுவது. தூக்க நோய். நம் அப்பாக்கள் காலத்தோடு போய்விட்டது என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிற நோய்.

பெரிய டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டியவள், கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மனிதர் பதினோரு நாளில் இறந்துபோனார்.

கழற்றிவிடுங்கள்.

மாயிலேசி


ஆற்றுவளைவு முகாம்,
ஜூலை 25, 1996

அலினாபேயின் அம்மாவுக்கு,

போன வியாழன் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சோம்பல்தான்.

கம்பளியைக் கழற்றிவிட்டேன் என்று எழுதினால் பொய். உன் கடிதம் வந்த மறுநாள் கழற்றினேன். அன்றைக்குப் பென்ரோஸ் அம்மாவின் கழுத்தில் ஈ கடித்து எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிவிட்டது. அதோடு அவர் நடக்க முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. ஊருக்குப் போகும் முன் கடைசி நடை அது. போகும்போது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த வருஷமும் வருவேன், நீ பின்னால் வந்தால்தான் நடப்பேன் என்றார். அடுத்த நாள் மறுபடி போட்டுக்கொண்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஈக்காக என்பது பிறகு வந்த சாக்கு. முதல் வாரம் குளிர் விட்டும் நான் கழற்றாததற்கு ஈ காரணமில்லை. கதவு சாத்தியிருந்தது, மாயிலேசி. சமாதானமாக இருந்த நாளில் நீ செய்த ஒரு பொருள் உடம்பில் கிடக்கட்டுமே என்றுதான். ஈ வந்தது பிறகு. அதிலும் ஒரு பிரயோஜனம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்கழுத்தில் ஒரு கட்டி வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் வந்து வந்து போகிறது. மலேரியாதான். மாத்திரை போட்டேன். நேற்று சகாலா, "என்னண்ணே, ரெண்டு நாள் தூங்காதவன் மாதிரி இருக்க" என்றான். ஒன்பது மணி நேரம் தூங்கினேன் என்றேன்.

லாஸரோவைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துவிடு. உன் தேன்காரரைப் பற்றிப் படித்தேன். மூன்று முறை படித்தேன்.

யோத்தாமு


சுகாதார நிலையம்,
ஜூலை 25, பகல் இரண்டு மணி

யோத்தாமு,

சகாலா வாசலில் நிற்கிறான். லாரியை அணைக்கவில்லை. நின்றபடி எழுதுகிறேன்.

இதோடு இரண்டு கண்ணாடித் துண்டும் ஒரு ஊசியும் வைத்திருக்கிறேன். காய்ச்சல் ஏறும்போது உன் விரலில் குத்து. ஒரு பெரிய சொட்டை வை, வட்டமாகப் பரப்பு, காயவிடு, தூசி படாமல் காகிதத்தில் சுற்று. ஈ உட்கார விடாதே. சகாலாவிடம் கொடு. அவன் எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் சரி, வியாழனுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு தரம் மலேரியா மாத்திரை போடாதே. நீயாக எதையும் முடிவு செய்யாதே. கட்டி எங்கே, எத்தனை நாள், நடுவில் கறுத்திருக்கிறதா, எழுது.

கதவைப் பற்றி எழுதியிருக்கிறாய்.  நேரில் சொல்கிறேன். நேரில் சொல்லுமளவுக்கு உன்னை வைத்துக்கொள்.

மா.


ஆற்றுவளைவு முகாம்,
ஆகஸ்டு 1

மாயிலேசி,

எனக்கு நீ கொடுத்துவந்த மரியாதையெல்லாம் போய், "நீ" ஆகிவிட்டேன். சந்தோஷம்.

கண்ணாடி இதோடு இருக்கிறது. இரண்டாவதை உடைத்துவிட்டேன், கை கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கட்டி காலர் இருக்கும் இடத்தில். கறுத்திருந்தது, இப்போது உரிந்துவிட்டது.

இன்று காலை ஒருவருடைய கோப்பை நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் மடியெல்லாம் டீ. சூடு படவில்லையா என்று கேட்டேனாம், சூடு படுகிறது என்று அவர் சொன்னாராம். எனக்கு ஞாபகம் இல்லை. லெவி ஐயா சொன்னார். நல்ல மனிதர், திட்டவில்லை.

கம்பளியைக் கழற்றிவிட்டேன். மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

காலையில் ஆறு ரொம்ப வெளிச்சமாக இருந்தது. எல்லாமே தூரத்தில் இருந்து பெரிதாகத் தெரிகிறது. இதையும் எழுதவேண்டும் என்று நினைத்தேன், வேறு ஏதோ, என்ன என்று

யோ


சுகாதார நிலையம்,
ஆகஸ்டு 29, 1996

யோத்தாமு,

உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த மலைமேல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ், உனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை, நான் வந்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய் என்றாள். வந்தேன். பத்து நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். பிள்ளையையும் வேலையையும் பார்க்கத் திரும்ப வேண்டியதாயிற்று. நடந்ததை எழுதுகிறேன், நீயே படித்துக்கொள்.

கண்ணாடி வந்தபோது மணி பன்னிரண்டு. சாயம் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. நூறு இடம் பார்க்க வேண்டும் என்பது விதி. ஐம்பது தாண்டியதும் எனக்கு மூச்சு வந்தது. அறுபத்திரண்டாவது இடத்தில் அது இருந்தது. ஊதா நிறத்தில், அதே சுருக்கம் வைத்த ஓரத்தோடு. அன்றைக்கு அது எனக்கு அழகாகத் தெரியவில்லை என்று எழுத ஆசைதான். அழகாகத்தான் இருந்தது. உன் ரத்தத்தில் இருந்தும் அழகாகத்தான் இருந்தது. அதுதான் என்னை உடைத்துவிட்டது.

சகாலா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "லாரியைத் திருப்பு" என்றேன். களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் நான் போனதே இல்லை, உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கரையில் இருந்து, யானைகள் நம் சோளத்தைத் தேடி வரும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இருட்டில், தகரம் தட்டிக்கொண்டு, கண்ணில் பாதி தூக்கத்தோடு. பகலில், அவற்றின் வீட்டில் பார்த்ததில்லை.

பாதி வழியில் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. சகாலா இன்ஜினை அணைத்துவிட்டான்.

"ஹாரன் அடிடா" என்றேன்.

"அக்கா, ஹாரன் அடிச்சா லாரியும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம். உக்காரு."

"அங்க மனுசன் கெடக்கான்டா."

"தெரியுதுக்கா. அதுக்குத் தெரியாதுல்ல. சும்மா உக்காரு."

உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். நாற்பத்தொன்று. கடைசியில் ஒரு கிழடு வந்தது, ஒரு காது கிழிந்தது. லாரி மூக்குக்கு முன்னால் நின்று எங்களைப் பார்த்தது. கீழே இறங்கிப் போய் அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது: என் தம்பியை மிதித்தது நீயா, உன் பிள்ளையா. இப்போது இவனையும் சாகவிடத்தான் வழியை மறிக்கிறாயா. கையில் உனக்காகக் கலந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு வாய் குடிக்கப் போனேன்.

தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது.

நீ எழுதியதைப் படித்தபோது, விருந்தினரை மயக்கச் சொல்கிற கதையை எனக்கே சொல்கிறாய் என்று நினைத்தேன். பொய் இல்லை, யோத்தாமு. நெஞ்செலும்பில்தான் கேட்டது. ஆலயத்தில் எல்லோரும் பாடும்போது கூட எனக்கு அப்படி ஆனதில்லை. அது என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, என்னைப் பயமுறுத்தவும் இல்லை. என் கேள்வி அதற்கு எட்டவே இல்லை. அவ்வளவு பெரியதாக இருந்தது. நான் அழுதேன். சகாலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. ஆனால் கொல்கிற ஒன்றை வாயைப் பிளந்து பார்த்த முதல் ஆள் நீ இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே நான் கண்ணாடியில் அதைச் செய்தேன். அந்தப் பெண் மட்டும் கோபிக்கவில்லை, தேன்காரரின் மனைவி. அவளுக்குத் தெரியாது. உனக்கு நான் கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வழி விட்டன.

நாணல் குடிசையில் படுத்திருந்தாய். யாரோ ஒரு விருந்தினர் நெற்றியில் ஈரத்துணி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நீ டீ கொட்டிய ஆளாம் அவர். "உங்க மேலயா கொட்டிச்சு?" என்றேன். "அது போகட்டும்மா" என்றார். நான் குனிந்து உன் பெயரைச் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாய். அடையாளம் தெரியவில்லை. ஆனால் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்கிற குரலில் கேட்டாய்:

"தண்ணி குடிச்சீங்களாம்மா? இடது பக்கம் எடம் பாத்து வெச்சிருக்கு. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

நான் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன்.

முதுகுத்தண்டில் எடுத்த நீர் சுத்தமாக இருக்கிறது, தலைக்கு ஏறவில்லை என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு வாரம் தாண்டியிருந்தால் வேறு மருந்து போட வேண்டியிருக்குமாம். அந்த மருந்து நோயைப் போலவே ஆளைக் கொல்லும். மிச்ச ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள். நர்ஸிடம் விளையாடாதே.

கம்பளியை எரிக்கத்தான் எடுத்து வந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் வண்டிகளில் ஒட்டிக்கொண்டு வரும் ஈயைப் பிடிக்க வலையோடு நிற்பாரே ஒரு கிழவர், அவர் வாங்கிக்கொண்டார். மருந்தில் நனைத்துக் கம்பத்தில் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டிச் சாகும் என்றார். "இவ்வளவு நல்ல நீலம் அரசாங்கமே தர்றதில்லம்மா" என்றார். இருபத்தேழு நாள் வேலை. சரி என்றேன்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. ஒரு முறை, இன்ஜின் சத்தம் இல்லாமல், கால்நடையாகப் போய் அவற்றைப் பார்க்க வேண்டும். மன்னிக்க அல்ல. பார்க்க.

அலினாபேயின் அம்மா


ஆற்றுவளைவு முகாம்,
அக்டோபர் 22, 1996

அலினாபேயின் அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். இந்த முறை உன் அறைக் கதவு திறந்திருந்தது மட்டுமல்ல, நீ ரோட்டுக்கே வந்து நின்றாய். லாரி திருப்பத்தைத் தாண்டும் வரை சகாலா கண்ணாடியில் பார்த்து, "இன்னும் நிக்கிறாங்கண்ணே, இன்னும் நிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கினேன். கம்பத்தில் என் கம்பளி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொங்குகிறது. வெளுத்துவிட்டது. கீழே மண்ணில் ஈ குவிந்து கிடக்கிறது, காலால் தள்ளிப் பார்த்தேன். ஊருக்கும் காட்டுக்கும் நடுவில், நான் செய்த வேலையையே செய்துகொண்டு நிற்கிறது. என்னைவிட நன்றாகச் செய்கிறது, அதற்குக் காய்ச்சல் வருவதில்லை. கிழவர் என்னை உற்றுப் பார்த்து, "அந்தச் சட்டக்காரன் நீதானா" என்றார். ஆமாம் என்றேன். வலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து கை கொடுத்தார்.

கனமான வேலை வேண்டாம் என்று லெவி ஐயா என்னைக் கோப்பை கழுவ மட்டும் விட்டிருக்கிறார். இப்போது டீப் பெட்டியை லெவி ஐயாவே சுமக்கிறார், ஈயையும் அவரே விரட்டுகிறார்.

சனிக்கிழமை கடைசி விருந்தினர் கிளம்புகிறார்கள். திங்கள் குடிசைகளைப் பிரிக்கிறோம். நடுவில் ஞாயிறு சும்மா கிடக்கிறது. உன் ஆசையை லெவி ஐயாவிடம் சொன்னேன். லாஸரோவின் அக்கா என்றும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "நானே முன்னால நடக்குறேன். துப்பாக்கிக்காரரையும் வரச் சொல்றேன். பெட்டிய அன்னிக்கி மட்டும் நீ தூக்கு" என்றார். விருந்தினர் நீ ஒருத்திதான்.

சகாலா சனிக்கிழமை மதியம் உன்னை ஏற்றிக்கொள்வான். அலினாபேயை உன் அண்ணி வீட்டில் விடு, ஐந்து வயதுக்கு இது தூரம்.

பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் சொல்வதுதான். தொப்பி போடு. முழுக்கை போடு, நீலமும் கறுப்பும் வேண்டாம். ஷூவை உதறிவிட்டுக் காலை நுழை. அக்டோபர் வெயில், அதனால் முதல் நாளே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வா. ஆறும் அரையும் நான் கலந்து வைக்கிறேன், ருசி நீ பார். டீக்கு அதே கரையான் புற்றடியில் உட்காருவோம். இடப்பக்கம் இடம் பார்த்து வைத்திருப்பேன், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அவை வரலாம், வராமலும் போகலாம். வந்தால் லெவி ஐயா கையைத் தூக்குவார். உட்கார். எழுந்து ஏதாவது கேட்க வேண்டும் போல் இருந்தால், உட்கார்ந்தபடியே கேள்.

வரிசையில் உன் இடம் கடைசிக்கு முந்தியது. எனக்கு நேர் முன்னால். கால் வலித்தாலும், அழுகை வந்தாலும் முன்னால் போகிறவர்களிடம் சொல்ல வேண்டாம். திரும்பினால் போதும், நான் இருப்பேன்.

யோத்தாமு